புள்ளி மறைந்த பிறகு

நாங்கள் பணிபுரியும் மும்பைக் கிளையின் கூடத்தில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று உண்டு. பெற்றோருடன் வரும் குழந்தைகளுக்கு அதிலுள்ள நீல டாங் மீனே தோழன். சென்ற மழைக்காலத்தில் அதன் உடலில் உப்பைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. பாறையில் அடிக்கடி உரசிக்கொண்டது. சில நாட்களில் புள்ளிகள் மறைந்தன. நோய் தீர்ந்ததென மகிழ்ந்தோம்.

தவறாகக் கணித்துவிட்டோம். கிரிப்டோகேரியான் என்னும் அவ்வொட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் கூடுகட்டிப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி வரும். அடுத்த முறை இரு கோமாளி மீன்களையும் பற்றியது.

இதற்குச் செம்பு மருந்து கைகண்டது. ஆயினும் பவளமும் இறாலும் வாழும் தொட்டியில் அதனை ஊற்றலாகாது, அவை மடிந்துவிடும். ஆகவே மணலும் பாறையும் இல்லாத தனித்தொட்டிக்கு மீன்களை மாற்றி, செம்பின் அளவை நாள்தோறும் சோதித்தோம். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் மீனுக்கே நஞ்சு. மாலைதோறும் கணக்கை நேர்செய்யும் பழக்கம் இங்கே கைகொடுத்தது!

ஆனால் மூச்சிரைத்த கோமாளி மீன் ஒன்றை இழந்தோம். செவுளுக்குள் புகுந்த நோய் வெளியே தெரிவதில்லை. ஒட்டுண்ணி உணவின்றி அழியட்டும் எனப் பெரிய தொட்டியை 11 வாரங்கள் மீனின்றி விட்டிருந்தோம். "மீனுக்கு விடுமுறையா?" என்று குழந்தைகள் கேட்டவண்ணம் இருந்தனர். டாங் திரும்பிவிட்டது, புதிய கோமாளி மீன் இப்போது தனித்தொட்டியில் காத்திருக்கிறது.