பல் டாக்டர் அறைக்கும் அடுப்படிக் கணக்குத்தான்!

"சின்னம்மா, கிளினிக்குக்கு இடம் பார்த்தாச்சு. ஒருதரம் வந்து யோசனை சொல்லுங்க" என்று நாமக்கல்லிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். அவள் பல் டாக்டர், நான் பத்தாவது. "எனக்கென்ன கண்ணு தெரியும்?" என்றேன். "பல் டாக்டர்னா உங்களுக்கு ஏன் பயம்? அதைச் சொல்லுங்க, போதும்" என்றாள்.

சொன்னேன். இருபது வருஷத்துக்கு முன், வீங்கிய கன்னத்தோடு ஓரிடத்துக்குப் போனேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாலே உள்ளே தட்டில் இருந்த குறடு தெரிந்தது. யாரோ முனகுவதும் கேட்டது. என் முறை வருமுன் பஸ் ஏறிவிட்டேன். காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு கடைவாய்ப்பற்கள் போயே போச்சு!

அவள் அதையே கணக்கில் எடுத்துக்கொண்டாள். காத்திருக்கும் அறைக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவே முழுச் சுவர். இரைச்சல் போடும் கம்ப்ரஸர் பின்கட்டில். நாற்காலி ஜன்னலைப் பார்த்து. கருவித் தட்டு நோயாளியின் தலைக்குப் பின்னால்.

டாக்டர் ஒரு பக்கம், உதவிப் பெண் மறுபக்கம். இருவரும் உட்கார்ந்தபடியே கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கணுமாம். 'நாலு கை' முறை என்று 1960-களில் அமெரிக்காவில் பரவியதாம். அட, அடுப்புப் பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி வைக்கிற நம் கணக்குத்தானே!

கருவி சுத்தம் செய்யும் மேடையும் அப்படியே. ஒரு கோடியில் உபயோகித்தவை, பிறகு கழுவி, உலர்த்தி, உறையிலிட்டு, ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் அரை மணி, மறுகோடியில் சுத்தமானவை. எச்சில் பாத்திரம் கழுவியதோடு சேரலாமா? நம் பக்கம் உப்புத் தண்ணீர் என்பதால் அதற்கு வாலை வடிநீர்தான். 2016 விதிப்படி ரத்தப் பஞ்சுக்கு மஞ்சள் பை. ஊசிக்குக் குத்தினாலும் துளையாத வெள்ளை டப்பா.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: நாற்காலி பக்கத்தில் அம்மா உட்கார ஒரு ஸ்டூல். சேலம், நாமக்கல் பக்கம் பல ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழுந்து, கையால் வாயை மூடிச் சிரிக்கும் பிள்ளைகள் எத்தனை! அம்மாவின் கை பிடித்திருந்தால் அவை வாயைத் திறக்காதா?

போன தை மாதம் திறந்தாள். முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்தது நான்தான்! ஒரு பல்லை அடைத்து, "இனி ஓட மாட்டீங்களே?" என்றாள்.

தோழிகளே, வலி வரும்வரை காத்திராமல் குழந்தையை அழைத்துப் போங்கள். போன இடத்தில் சுத்தம் எப்படி என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமென்ன?