ஊதிக் காட்டினால் போதுமா? விமானிகள் சோதனையில் எஞ்சும் கேள்வி

புதுடெல்லி: விமான விபத்து நேர்ந்தால் முதலில் தேடப்படுவது கறுப்புப் பெட்டி. அது பல நாள் காத்திருக்கும். விமானியின் உடலில் உள்ள தடயமோ சில மணி நேரத்தில் மறைந்துவிடும்.

விமான நிலையத்தில் விபத்து நிகழ்ந்தால், விமானிகளை உடனடியாக மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி ரத்த, சிறுநீர் மாதிரிகளைச் சேகரிக்க வேண்டும் என்கின்றன சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள். அமெரிக்காவில் மது சோதனைக்கு 8 மணி நேரமும், போதைப்பொருள் சோதனைக்கு 32 மணி நேரமும் கெடு. அதைத் தாண்டினால் சோதனையைக் கைவிட வேண்டியதுதான்.

பணிக்கு முந்தைய 12 மணி நேரத்தில் விமானிகள் மது அருந்தக் கூடாது. மூச்சுச் சோதனையில் முதல்முறை சிக்கினால் 3 மாதம், மறுமுறை 3 ஆண்டு உரிமம் நிறுத்திவைக்கப்படும். ஆனால், அக்கருவிக்கு மதுவைத் தவிர வேறெதுவும் தெரியாது.

2020 ஆகஸ்ட் 7-ல் துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இரு விமானிகள் உள்பட 21 பேர் உயிரிழந்தனர். தரையிறங்கும் நடைமுறைகள் பின்பற்றப்படாததே முக்கியக் காரணம் என்றது 2021-ல் வெளியான விசாரணை அறிக்கை. கூடவே, தலைமை விமானி மருத்துவப் பரிந்துரையின்றிப் பல சர்க்கரை நோய் மாத்திரைகளை உட்கொண்டு வந்ததையும் அது சுட்டிக்காட்டியது. அவற்றால் ரத்தச் சர்க்கரை லேசாகக் குறைந்து, முடிவெடுக்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் கூறியது.

2022 ஜனவரி 31 முதல் விமானிகளில் 10 சதவீதத்தினருக்கு ஆண்டுதோறும் திடீர்ச் சோதனை நடத்தும் விதி நடைமுறைக்கு வந்தது. கஞ்சா, கோகைன் உள்ளிட்டவற்றையே அது தேடுகிறது. சர்க்கரை மாத்திரை அதில் சேராது.

மாதிரி எடுத்தால் மட்டும் போதாது. அது மாறாமலும் இருக்க வேண்டும். 2024 மே 19-ல் புனேயில் சொகுசு கார் மோதி இரு மென்பொறியாளர்கள் பலியாயினர். இவ்வழக்கில், கேம்ப் பகுதிக்கு அருகே உள்ள சசூன் அரசு மருத்துவமனையில் காரை ஓட்டிய சிறுவனின் ரத்த மாதிரி மாற்றப்பட்டதாகக் கூறி, இரு மருத்துவர்களைப் போலீஸார் கைது செய்தனர். சாலை விபத்தில் எழுந்த இந்த ஐயம் விமான விபத்தில் எழுந்தால், விசாரணையே பொருளற்றுப் போகும்.

விபத்து விசாரணையின் நோக்கம் குற்றம் சுமத்துவதன்று, அடுத்த விபத்தைத் தடுப்பதே என்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. நோயைச் சொன்னால் உரிமம் பறிபோகும் என்று அஞ்சும் விமானி மாத்திரையை மறைக்கவே முற்படுவார். அந்த அச்சத்தைப் போக்கினால், விபத்துக்குப் பின் ரத்தம் சொல்லும் உண்மையை விமானியே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.