பெர்க்கின் கண்ட ஊதா நிறம்

பொழுதுபோக்காக வீட்டில் இரசாயனப் பரிசோதனை செய்வோர் இன்று வேண்டிய பொருள்களை இணையத்தின் வழியே வாங்குகின்றனர். இவ்வார்வம் பெரும்பாலும் பள்ளியிலே வேரூன்றுவது. நீல லிட்மஸ் தாள் கண்ணெதிரே சிவந்த வகுப்பை மாணவர் எளிதில் மறப்பதில்லை என்பதை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன்.

இலண்டனில் 1838ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் பெர்க்கின் இதற்குச் சான்றாவார். அவர் பயின்ற பள்ளியில் தாமஸ் ஹால் என்னும் ஆசிரியர், நண்பகல் இடைவேளையில் பரிசோதனைகளைச் செய்து காட்டுவார். அங்கே பற்றிய ஆர்வம் பெர்க்கினை விடவில்லை. 1856இல், தம் 18ஆம் வயதில், விடுமுறையின்போது வீட்டு ஆய்வுச்சாலையில் கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றார். கிடைத்ததோ கரிய வண்டல்! அதை அவர் எறிந்துவிடவில்லை, ஆல்கஹாலில் கரைத்தார், அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. செயற்கைச் சாயத் தொழிலுக்கு அதுவே வித்தாயிற்று.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். அவர் 1853 முதல் ஹாஃப்மன் என்னும் பேராசிரியரிடம் முறையாகப் பயின்றவர். இரசாயனப் புட்டி விலைக்குக் கிடைக்கும். பயிற்சி அவ்வாறு கிடைக்குமா? வீட்டிலுள்ள பிளீச்சிங் பவுடரும் அமிலமும் கலந்தாலே நுரையீரலைக் கெடுக்கும் குளோரின் வாயு எழும்.

ஆகவே எதை வாங்கும் முன்னும் ஆசிரியரைக் கேளுங்கள். தொடக்கத்திற்கு மஞ்சளும் சோப்பு நீரும் போதும். துணியிற்பட்ட மஞ்சட்கறை சோப்புப் பட்டதும் ஏன் சிவக்கிறது? அக்கேள்வி உங்களிடம் எழுமாயின், இரசாயனக் கல்வி தொடங்கிவிட்டது என்பேன்.