ஈ.சி.ஜி. எடுக்கும் கைகளுக்கு ஓர் அத்தாட்சி

தேனி மாவட்டத்துக் கூடலூரிலோ கம்பத்திலோ நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி கண்டு, வாய்வாக இருக்கும் என்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் பார்த்தும் அடங்காமல், வீட்டார் அவரை அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அவர் முதலில் காண்பது பெரும்பாலும் இருதய நிபுணரை அல்ல, ஈ.சி.ஜி. எடுக்கும் டெக்னீஷியனைத்தான். க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கூடலூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம். மதுரையோ அதற்கும் அப்பால் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம். ஆகையால், நோயாளியை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளலாமா, உடனே பெரிய ஊருக்கு அனுப்பவேண்டுமா என்ற தீர்மானம் அந்த டெக்னீஷியன் கிழித்துக் கொடுக்கும் ஒரு முழக் காகிதத்தைப் பொறுத்து நிற்கிறது.

அவர் செய்யும் காரியம் பார்வைக்கு எளியது. கை கால்களில் நான்கும் மார்பில் ஆறுமாகப் பத்து இடங்களில் லீடுகளைப் பொருத்தி விசையை அழுத்தினால், கட்டமிட்ட தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட, இருதயத்தின் மின்னோட்டம் பன்னிரண்டு கோணங்களிலிருந்து அதில் பதிவாகிறது. ஆனால் மார்பின் முதல் லீடு நெஞ்செலும்பின் வலது ஓரத்தில், நான்காவது விலா இடைவெளியில் அமைய வேண்டும். விரலால் விலாக்களைத் தடவி எண்ணாமல், கண்மதிப்பாக அதை ஓர் இடைவெளி மேலே ஒட்டிவிட்டால், இல்லாத நோயொன்று தாளில் தோன்றக்கூடும். இரு கைகளின் லீடுகளும் இடம் மாறினாலோ, இருதயம் பிறவியிலேயே வலப்புறம் அமைந்தவர் போன்ற தோற்றம் உண்டாகும். தாளைப் படிக்கும் வைத்தியர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், எழுதப்பட்டதைத்தானே அவர் படிக்க முடியும்?

பெண் நோயாளிகள் விஷயத்தில் இது இன்னும் நுட்பமானது. நான்காவது மார்பு லீடு, மார்பகத்தின் கீழ் மடிப்பை ஒட்டி, ஐந்தாவது விலா இடைவெளியில் வரவேண்டியது. ஆனால் அந்நிய ஆடவர் முன் ரவிக்கையைத் தளர்த்தக் கூசும் தாய்மாரிடம், அவசரத்திலும் சங்கோசத்திலும் லீடுகள் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டப்படுவது உலகெங்கும் காணும் குறை. விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் பெண்கள் நிறைந்த இக்கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் பிளஸ் டூ முடிக்கும் பெண் பிள்ளைகளுள் கொஞ்சம் பேராவது இத்தொழிலுக்கு வரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஈ.சி.ஜி.யோடு இவ்வித்தை முடிந்துவிடுவதில்லை. எக்கோ கருவியால் இருதய வால்வுகளின் அசைவைப் படம் பிடிப்பதும், டிரெட்மில்லில் நோயாளியை நடக்கவிட்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி, அவர் முகத்தையும் திரையையும் ஒருங்கே கவனிப்பதும், இரத்தநாளம் வழியே குழாய் செலுத்தி இருதயத்தைச் சோதிக்கும் கேத் லேபில் ஈயக் கவசமும் கதிரியக்க அளவைக் குறிக்கும் பேட்ஜும் அணிந்து வைத்தியருக்குத் துணைநிற்பதும் இதில் அடங்கும். ஆஞ்சியோ நடக்கையில் வைத்தியரின் கண் எக்ஸ்ரே திரையில் லயித்திருக்க, இரத்த அழுத்த அலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் டெக்னாலஜிஸ்ட். குழாயின் நுனி இரத்தநாளத்தின் வாயை அடைத்து அலை சட்டென்று தாழுமாயின், அந்தக் கணமே உரக்கச் சொல்லவேண்டியவர் அவர்.

இத்தகைய பொறுப்பை ஏற்பவர்களுக்கு, தேசம் முழுவதற்கும் பொதுவான அத்தாட்சி நம் நாட்டில் நெடுங்காலமாக இருக்கவில்லை. வைத்தியருக்கும் செவிலியருக்கும் கவுன்சிலும் பதிவேடும் இருந்தும், இவர்கள் அவ்வரம்புக்கு வெளியிலேயே நின்றார்கள். 2021-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்சார்ந்தோர் தேசிய ஆணையச் சட்டம்தான், கார்டியோவாஸ்குலர் டெக்னாலஜிஸ்ட் என்ற பெயரைத் தன் அட்டவணையில் சேர்த்து, மாநிலந்தோறும் கவுன்சில், மாநிலத்துக்கும் தேசத்துக்கும் பதிவேடு என்று விதித்தது. இணைச் சுகாதாரத் தொழிலர் எனப்படுவோர் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில், 2000 மணி நேரத்துக்குக் குறையாத டிப்ளமோ அல்லது பட்டப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது. சட்டம் வருமுன்பே தொழிலில் இருந்தவர்களுக்குத் தற்காலிகப் பதிவுக்கு இடமளித்திருப்பது நியாயமானதே. பத்து, இருபது வருஷம் கைபழகியவரை ஒரே நாளில் அந்நியராக்குவது தர்மமாகாது.

நம் மாணவர்களுக்கு நேரான வழி, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. கார்டியாக் டெக்னாலஜி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் சேரலாம். மூன்று வருஷப் படிப்பும் ஒரு வருஷ இன்டெர்ன்ஷிப்பும் கொண்டது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஈ.சி.ஜி., டிரெட்மில், எக்கோ, கேத் லேப் ஆகியவற்றுக்கு ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளும் நடந்துவருகின்றன. செலவு குறைவென்பதால் ஏழைப் பிள்ளைகளுக்கு அவை பேருபகாரமாக இருந்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் ஓராண்டுப் படிப்பு மேற்சொன்ன சட்டத்தின் இரண்டாண்டு வரம்பை எட்டாது என்பதைச் சேருமுன்பே அறிந்திருப்பது அவசியம்.

வெளிநாடு போக விரும்புவோர்க்கு வேறு பரீட்சைகள் உண்டு. வளைகுடா நாடுகளில் டேட்டாஃப்ளோ என்னும் நிறுவனம் பட்டத்தையும் அனுபவத்தையும் மூல இடத்திலேயே விசாரித்து உறுதிசெய்தபின், புரோமெட்ரிக் மையத்தில் பரீட்சை எழுதுவது வழக்கம். அமெரிக்காவில் சி.சி.ஐ., ஏ.ஆர்.டி.எம்.எஸ். ஆகிய ஸ்தாபனங்கள் எக்கோவுக்கென்று தனித் தகுதிச் சான்று வழங்குகின்றன.

சிறு ஊர் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி.க்கு இவ்வளவு சிரத்தை ஏன் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாடே ஒரு விடை தந்திருக்கிறது. மாரடைப்பு நோயாளிகளுக்காகச் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து, ஈ.சி.ஜி.யை உடனுக்குடன் அனுப்பி, டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் டாக்டர் அஜித் முள்ளசாரியும் உள்ளிட்ட குழுவினர் நடத்திய ஆய்வில், 2420 நோயாளிகளைக் கவனித்தபோது, ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2017-ல் அது வெளியாயிற்று. இருதயத் தசை நிமிஷந்தோறும் மடிந்துகொண்டிருக்கும் வேளையில் முதல் தாள் பிழையின்றி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அறிய இதைவிட வேறென்ன வேண்டும்?

பஸ் நிலையங்களைச் சுற்றிலும் சுவரெங்கும் பாராமெடிக்கல் விளம்பரங்கள் மலிந்த இக்காலத்தில், பெற்றோர் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், இப்படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, எந்த மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் உண்மையான நோயாளிகளிடம் பயிற்சி, பட்டம் பெற்றவர் மாநிலப் பதிவேட்டில் இடம்பெறலாமா என்று எழுத்து மூலமாகவே கேட்கவேண்டும். வாய்ச் சொல்லை மட்டும் தந்து கையொப்பமிட மறுக்கும் இடத்தில் ஒரு ரூபாயும் கட்டவேண்டாம். ஆஸ்பத்திரி நடத்துபவர்களும், வேலைக்கு எடுக்கும்போது பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஈ.சி.ஜி. அறையின் சுவரில் அதை எழுதி வைக்கலாம்; நோயாளியின் உறவினர் படிக்கும்படியாக, தமிழில்.