பாச்சிஸ்லோ டோக்கன்: இனம்காணலும் சேகரிப்பும்

ஜப்பானின் சூதாட்டக் கூடங்களில் பாச்சிஸ்லோ இயந்திரத்துக்குள் போடும் உலோக வில்லைதான் பாச்சிஸ்லோ டோக்கன். அங்குள்ளவர்கள் அதை 'மெடல்' என்பார்கள். மூன்று உருளைகள் சுழலும். ஒவ்வொன்றையும் அதற்குரிய பொத்தானை அழுத்தி ஆடுபவரே நிறுத்த வேண்டும். டோக்கன் ஒன்றுக்கு 20 யென் என்பது நெடுநாள் கணக்கு. ஆனால் அது விற்கப்படுவதில்லை, இரவலாகவே தரப்படுகிறது. வென்ற டோக்கன்களைக் கூடத்திடமே கொடுத்துப் பரிசுப்பொருள் வாங்கிக்கொள்ளலாம். கூடம் ரொக்கம் தருவதைச் சட்டம் தடுக்கிறது.

டோக்கனில் கூடத்தின் பெயரோ சின்னமோ பொறிக்கப்படுவது இதனால்தான். வேறு கூடத்து டோக்கன் உள்ளே நுழைந்தால் பார்த்ததும் தெரிந்துவிட வேண்டும். பெயர் சீன எழுத்திலோ, கத்தகானா எழுத்திலோ, ஆங்கிலத்திலோ இருக்கும். நட்சத்திரம், கிரீடம், விலங்கு உருவங்களும் உண்டு. எழுத்து புரியாவிட்டால் கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமரா பெரும்பாலும் கைகொடுக்கும். வளைந்த எழுத்துகளில் மட்டும் அது தடுமாறும்.

இனம்காண முதலில் அளவைப் பார்க்க வேண்டும். வழக்கமான டோக்கனின் விட்டம் 25 மி.மீ. வேப்பம்பட்டு மளிகைக் கடைக் கல்லாவிலும் கிடைக்கும் 2011 வரிசை 2 ரூபாய் நாணயத்தின் விட்டமும் அதுவே. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலே தெரிந்துவிடும். 30 மி.மீ. டோக்கனும் உண்டு; ஒக்கினாவா பாணி இயந்திரங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. பெரும்பாலானவை துருப்பிடிக்காத எஃகு. நாட்டின் பெயர், மதிப்பு, ஆண்டு மூன்றும் ஒருசேர இல்லாததே நாணயத்திலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் முதன்மை அடையாளம்.

குழப்பம் வருவது வீடியோ கேம் நிலையங்களின் மெடல்களோடுதான். சேகா, டைட்டோ, நாம்கோ போன்ற நிறுவனப் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. இவற்றுக்குப் பரிசு கிடையாது, விளையாட்டுக்கு மட்டுமே. இதே கூடங்களில் ஆடப்படும் மற்றொரு விளையாட்டான பாச்சின்கோவில் டோக்கனே இல்லை. அங்கே 11 மி.மீ. எஃகுக் குண்டுகள்தான்.

கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஜப்பானிய ஆலைகளிலிருந்து பயிற்சிக்காக ஜப்பான் செல்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டோக்கன்களை வாடிக்கையாளர் வெளியே கொண்டுபோக விடக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் கூடங்களுக்கு விதித்திருக்கிறது. நினைவுக்கு ஒன்று என்று பையில் போட்டுக்கொள்வதும் தவறுதான். கூடங்கள் கழித்துக்கட்டிய பழைய இயந்திரங்கள் அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு விற்பனைக்குப் போனபோது டோக்கன்களும் மூட்டையாகக் கூடவே போயின. சேகரிப்பவர்கள் நேர்மையாக வாங்க ஏற்ற வழி அந்தச் சந்தைதான். நூற்றுக்கணக்கில் கிடைக்கும் பொருள் என்பதால், 'அபூர்வம்' என்று சொல்லி ஒற்றை டோக்கனுக்கு யாராவது பெரிய விலை கேட்டால் நம்ப வேண்டியதில்லை.

எஃகு டோக்கனுக்கு வெந்நீரும் சோப்பும் போதும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் பழமையின் நிறமும் நுண்கோடுகளும் போய்விடும். பி.வி.சி. உறைகளில் பித்தளை பச்சை பிடிக்கும் என்பதால் காகித உறையே நல்லது. உறையின் மேல் கூடத்தின் பெயர், ஊர், விட்டம், கிடைத்த வழி ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும்.

அந்தக் குறிப்புக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. 1995-இல் 18,000-க்கு மேல் இருந்த கூடங்கள் 2024 இறுதியில் 7,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. 2022 நவம்பரில் டோக்கனே தேவைப்படாத 'ஸ்மார்ட்' பாச்சிஸ்லோ இயந்திரங்களும் வந்துவிட்டன. மூடப்பட்ட சிறுநகரக் கூடங்கள் பலவற்றின் பெயர், அவற்றின் டோக்கனில்தான் மிஞ்சியிருக்கிறது.