கடுகிலே கலப்படம்: கவனம் தேவை

அஞ்சறைப்பெட்டியில் கடுகு இல்லாத வீடு நம் பக்கம் உண்டா? கடுகுச் செடி ‘பிராசிகா’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல் எல்லாம் இதற்குப் பங்காளிகள்தான். நல்ல கடுகுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதோடு கலந்துவிடும் வேறொரு விதைதான் ஆபத்து.

அது எந்த விதை?

பிரமதண்டு விதை. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வாங்க. ரோட்டோரத்திலும் தரிசிலும் தானாக முளைக்கும். இலையெல்லாம் முள், பூ மஞ்சள், கிள்ளினால் மஞ்சள் பால் வடியும். வடநாட்டுக் கடுகு வயல்களில் களையாக வளர்ந்து, அறுவடையில் கலந்துவிடும். லாபத்துக்காகக் கலப்பவர்களும் உண்டு.

என்ன செய்யும்?

இந்த எண்ணெயில் சாங்குவினரின் என்ற நஞ்சு இருக்கிறது. நாம் தாளிப்பது சிட்டிகைக் கடுகுதான். கடுகெண்ணெயிலேயே தினமும் சமைக்கும் ஊர்களில்தான் சேதம் அதிகம். 1998-ல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் ஏறத்தாழ 3,000 பேர் நோயுற்றார்கள். 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

முதலில் வயிற்றுப்போக்கு வரலாம். பிறகு இரண்டு காலும் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். மூச்சு வாங்கும். இருதயம் பலவீனமாகும். கண் பார்வையும் கெடலாம்.

ஒரே வீட்டில் பலருக்கு ஒரே சமயம் கால் வீங்கினால், தொத்து நோய் என்று நினைக்காதீங்க. எல்லோரும் சாப்பிட்ட எண்ணெயைச் சந்தேகப்படுங்க. கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் ‘அது சகஜம்தானே’ என்று விட்டுவிடவும் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கடுகை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்க. நல்ல கடுகு வழவழப்பாக இருக்கும்; நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை கறுத்து, சொரசொரப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே வெள்ளை. ஆனால் எண்ணெயாக ஆட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில்தான் சொல்ல முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கடுகெண்ணெயைச் சில்லறையாக அளந்து வாங்காதீர்கள். முத்திரை உடையாத, அக்மார்க் குறியுள்ள புட்டியாக வாங்குங்கள்.
2. காய்ச்சினால் நஞ்சு போய்விடும் என்று நம்பாதீர்கள்.
3. சந்தேகம் வந்தால் அந்த எண்ணெயை உடனே நிறுத்துங்கள். கொட்டிவிடாமல், பரிசோதனைக்கு எடுத்து வையுங்கள்.
4. வீக்கம் கண்டவரைத் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நஞ்சை முறிக்கத் தனி மருந்து கிடையாது. எண்ணெயை நிறுத்தி, உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் பிழைப்பார்கள்.

இதை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.