மீந்த குழம்பில் விளைந்த மணி

சென்னையை அடுத்த பீர்க்கன்கரணையில் வீடு கட்டும் இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தால் ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். நீலம் பாய்ந்த கருமையாக இருந்தால் அது பெரும்பாலும் சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பாறை அதுதான். சில கற்களில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பட்டை ஓடும். அதை வெயிலில் திருப்புங்கள். தட்டையான முகம் பளிச்சென்று மின்னினால் ஃபெல்ஸ்பார். ஒழுங்கில்லாமல் உடைந்து பளபளப்பது வெங்கச்சங்கல். நகம் பட்டதும் ஏடு ஏடாக உரிந்தால் காக்காப்பொன். கிரானைட்டில் இந்த மூன்றும் சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். இவையே சாண் நீளத்துக்கும் ஆள் உயரத்துக்கும் வளர்ந்திருந்தால், அந்தப் பாறை பெக்மடைட்.

அது எப்படி உருவாகிறது? பூமிக்கடியில் கிரானைட் குழம்பு ஆறும்போது முதலில் சாதாரணக் கனிமங்கள் உறைகின்றன. குழம்பில் உள்ள பெரிலியத்தின் அயனி மிகச் சிறியது, சீசியத்தின் அயனி மிகப் பெரியது. அந்தப் படிகங்களுக்குள் இவற்றுக்குச் சரியான இடமில்லை. லித்தியத்துக்கும் பெரும்பாலும் அதே கதிதான். எல்லாம் மீந்த குழம்பிலேயே தங்கிவிடுகின்றன. மரக்காணம் உப்பளத்தில் உப்பு படிந்த பிறகு, மிஞ்சிய கசப்பு நீரில் மக்னீசியம் சேர்ந்துகொண்டே போகிறதே, அதே கதைதான்.

அந்தக் கடைசிக் குழம்பில் நீரும் போரானும் ஃபுளோரினும் நிறைந்திருக்கும். அதனால் அது இளகி, பாறை வெடிப்புகளில் புகுந்து ஓடும். மெதுவாக ஆறினால்தான் பெரிய படிகம் வளரும் என்று படித்திருப்பீர்கள். இங்கே அப்படியில்லை! மெல்லிய பெக்மடைட்டுகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆறிவிடக்கூடும். இளகிய குழம்பில் அணுக்கள் விரைந்து நகர்வதால் படிகங்கள் மளமளவென்று வளர்கின்றன. அமெரிக்காவின் எட்டா சுரங்கத்தில் லித்தியம் கொண்ட ஸ்பாடுமீன் படிகம் ஒன்று 12 மீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது.

மீந்த குழம்பில் அரிய தனிமங்கள் சேர்வதற்கு நம் ஊரிலும் சான்று உண்டு. காங்கேயத்தை அடுத்த படியூரில் பெக்மடைட்டிலிருந்து பெரில் என்ற நீலப்பச்சை மணிக்கல்லை வெட்டி எடுத்தார்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மணிக்கற்களைப் பட்டை தீட்டியதை அகழாய்வு காட்டியிருக்கிறது. ரோமாபுரி மக்கள் இந்தியப் பெரிலை விரும்பி வாங்கினார்கள். அந்தக் கல்லில் உள்ள பெரிலியம் என்ற உலோகத்தால்தான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடியின் 18 துண்டுகளும் செய்யப்பட்டுள்ளன.

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் மர்லகல்லா–அல்லபட்னா பகுதிப் பெக்மடைட்டுகளில் சுமார் 1,600 டன் லித்தியம் இருப்பதாக அணுக் கனிம இயக்ககம் மதிப்பிட்டுள்ளது. இப்படிப்பட்ட இடங்களைத் தேடுபவர்கள் ஃபெல்ஸ்பாரையும் காக்காப்பொன்னையும் பொடித்து, பொட்டாசியத்தின் இடத்தில் ருபீடியம் எவ்வளவு புகுந்திருக்கிறது என்று அளப்பார்கள். ருபீடியம் கூடக்கூட, அந்தக் குழம்பு கடைசிக் கட்டத்தை நெருங்கியிருந்தது என்று பொருள். அந்தப் பக்கமாகத்தான் அடுத்துத் தேடுவார்கள்.